துண்டு: ஒரு சொல்லும் ஒரு தாளும்

டண்ணகரம் சொல்லிக்கொடுக்கும் நாளில் கரும்பலகையில் எழுத ஒரு சொல் வேண்டும். வண்டு, நண்டு, குண்டு என்று எத்தனையோ இருக்கின்றன. அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் மூன்றுக்குத் தமிழ் எடுத்த காலத்தில் நான் எழுதிய சொல் ‘துண்டு’. மூன்றே எழுத்து. நடுவில் ண், அதை ஒட்டி ட். ணகரத்துக்கு டண்ணகரம் என்று பெயர் வந்ததே அது டகரத்துக்குப் பக்கத்து வீடு என்பதால்தான். தகரத்தோடு குடியிருப்பது தந்நகரம், றகரத்தோடு குடியிருப்பது றன்னகரம். “கங்காணி வீட்டுக்கு அடுத்த காம்பரா” என்று அடையாளம் சொல்லிப் பழகிய லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சட்டென்று பிடிபடும். அதற்குப் பிறகு ‘துன்டு’ என்று எழுதுகிற கை குறைந்துவிடும்.

எழுதி முடித்ததும் பொருள் கேட்பேன்.

“தொடைக்கிறது சேர்.”

“கேக்குத் துண்டு சேர்.”

“ஆஸ்பத்திரியில மருந்துக்கு எழுதிக் குடுக்கிறது.”

“நீங்க அம்மாகிட்டக் குடுக்கச் சொல்லி அனுப்புறது.”

நான்கும் சரி. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் சற்று முன்னால், இதே மலையில் ஒரு பெரியவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த நான்கில் ஒன்றையும் அவர் முதலில் சொல்லியிருக்கமாட்டார். அவருக்குத் துண்டு என்றால் தோட்டத்தை நடத்திய தொரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு காகிதம். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. அந்தப் பொருள் இன்று பிள்ளைகளிடம் இல்லை, அவர்களின் தாய் தகப்பனிடமும் இல்லை. அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடிப் பார்த்தால், மலையகத்தில் எழுத்தறிவு வந்த கதையில் பாதி அதற்குள் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துண்டு, துணி, துண்டம் மூன்றும் ஒரே குடும்பம். துணித்தல் என்றால் வெட்டுதல். நீளமாக நெய்ததிலிருந்து வெட்டி எடுத்தது துணி. அதில் சிறியது துண்டு. தயக்கத்தை வெட்டி ஒரு முடிவுக்கு வருவது துணிதல். திருக்குறளிலேயே துணிவு என்ற சொல் முடிவு என்ற பொருளில் வருகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்தச் சொல் ஏறக்குறைய இதே உருவத்தில் இதே பொருளோடு வழங்குகிறது. காஞ்சிபுரத்தில் திருமாலின் தலம் ஒன்றுக்கு நிலாத்திங்கள் துண்டம் என்று பெயர். பிறையை நிலவிலிருந்து வெட்டிய துண்டாகக் கண்ட கண் அது. ஆனால் பிள்ளையாரை வக்ரதுண்டர் என்கிறோமே, அந்தத் துண்டம் வேறு. அது அலகையும் துதிக்கையையும் குறிக்கும் வடசொல். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு கொண்டாடக்கூடாது.

பேச்சில் இந்தச் சொல் பல வேலை பார்க்கிறது. தமிழ்நாட்டில் பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். கொடுத்த கடன் திரும்பி வராதவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வான். பயந்து ஓடுகிறவன் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவான். இலங்கையில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் பத்திரிகைகள் ‘துண்டு விழும் தொகை’ என்று பெரிய எழுத்தில் போடும்; வரவு எட்டாமல் போன மிச்சச் செலவு அது. இந்த வழக்குகளில் கடனும் பற்றாக்குறையும் ஓட்டமும் துண்டோடு சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். மலையகத்துத் துண்டுக்கும் இந்த மூன்றோடும் சம்பந்தம் உண்டு.

எழுதிய தாளுக்குத் தமிழ் வைத்த பெயர்களில் ஒரு வரிசை, வெட்டுவதையும் உடைப்பதையும் சொல்லும் வினைகளிலிருந்தே வந்திருக்கிறது. பனையோலையில் சிறிதாக நறுக்கி எழுதிய குறிப்பு நறுக்கு. முறித்து எடுத்தது முறி. அதுவே கடன் பத்திரத்துக்கும் பெயராயிற்று. இலங்கையில் அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் பத்திரத்தை இன்றும் திறைசேரி முறி என்கிறோம். மத்திய வங்கியின் பிணைமுறி விவகாரம் 2015இலிருந்து ஆண்டுக்கணக்கில் பத்திரிகையில் ஓடியது. இந்த வரிசையில் மூன்றாவதாக வருவது துண்டு. எனக்குப் படுகிற வேறுபாடு இது: எழுதி அனுப்புவது ஓலை, காசு கொடுத்து வாங்குவது சீட்டு, மேலே இருக்கிறவர் கிழித்துக் கீழே இருக்கிறவர் கையில் கொடுப்பது துண்டு. டொக்டர் கொடுப்பது துண்டு. பாடசாலை கொடுப்பது துண்டு. தொரை கொடுத்ததும் துண்டுதான்.

துண்டு முறை எப்படி நடந்தது? 1820களில் கோப்பி பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து கண்டிச் சீமைக்குத் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலை தேயிலைக்கு மாறியது, ஆள் தேவை பெருகியது, கங்காணி மாறவில்லை. தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். கங்காணி அதை ஊரில் ஆட்களுக்குக் கொடுத்துக் கூட்டி வருவார். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். ஆள் மலையில் கால் வைக்கும்போதே கடன்காரர். அந்தக் கணக்கு கங்காணியின் ஏட்டில் இருக்கும். அதை வாசிக்க ஆளுக்குத் தெரியாது.

ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் தொரை ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன் வைத்திருக்கிறார்கள், அந்தத் தொகையைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பது அதன் சாரம். அதுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் தொரை அந்தக் கடனைக் கட்டி, மேலே இன்னும் முன்பணம் கொடுத்துக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். அடுத்த முறை எழுதும் துண்டில் தொகை கூடியிருக்கும். இப்படிக் கடன் கைமாறக் கைமாற வளர்ந்தது. வளர்ந்த கடனைக் கொழுந்து பறித்து அடைக்க வேண்டியவர், அந்தத் தாளில் ஓர் எண்ணிக்கையாக மட்டும் இருந்தவர். ஆங்கில அரசாங்கத்தின் அறிக்கைகளும் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் ‘துண்டு’ என்றே எழுதின. தாளைக் கொடுத்தவர்களின் மொழிக்குள் அதைச் சுமந்தவர்களின் சொல் ஏறிக்கொண்டது.

இந்த இடத்தில் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு பிள்ளையின் அறியாமை எல்லோருக்கும் பொதுவான நியாயத்துக்குக் காவலாக இருந்தது. மலையில் ஒரு சமூகம் முழுவதும் வாசிக்கத் தெரியாமல் இருந்தது கடனுக்குக் காவலாக இருந்தது. இரண்டு இடத்திலும் எழுதிய ஒரு சிறு நறுக்குத்தான். எடுத்தவனுக்கு உத்திரமேரூரில் நட்டமில்லை. அட்டனில் சுமந்தவர் ஆயுளுக்கும் கட்டினார்.

துண்டுக்கு அக்கா ஒன்று தோட்டத்து மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘பேர்’. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுத்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப் பேர். கூடுதலாக உழைத்தால் ஒன்றரைப் பேர். பெயரையே நாட்கூலிக்கு அளவாக்கி, அதைப் பாதியாகவும் வெட்டலாம் என்று காட்டிய மொழி இது. தன் பெயரை முழுதாக எழுதக் கற்றுக்கொண்டு பாடசாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் பிள்ளை, “இன்னிக்கு அரைப் பேருதான்” என்று அம்மா சொல்வதைக் கேட்கிறது. தரம் ஒன்றில் பெயர் எழுதப் பழக்கும் ஆசிரியர் இந்த இரண்டு பெயருக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

துண்டு எப்படிப் போனது? வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம் போட்டு உள்ளே போய் நிலைமையைப் பார்த்து வந்தார் என்பது மலையகம் அறிந்த வரலாறு. பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தில் பிறந்து படித்து வழக்கறிஞரான பெரி சுந்தரம் அவரோடு உழைத்தார். இவர் 1931இல் அரசாங்க சபைக்கு அட்டனிலிருந்து தெரிவாகி நாட்டின் முதல் தொழில் அமைச்சரானார். உள்ளிருந்து எழுந்த இந்தக் குரல்களும் இந்தியாவிலிருந்து வந்த நெருக்குதலும் சேர, 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. தாள் போனது. அதன் பின்னாலேயே அந்தப் பொருளும் பேச்சிலிருந்து உதிர்ந்தது. ஒரு சொல்லின் ஒரு பொருள் இன்ன ஆண்டு செத்தது என்று சொல்ல முடிவது அபூர்வம். இதற்குச் சொல்லலாம்.

அதே பத்தாண்டுகளில்தான் தோட்டத்துக்குள் பள்ளிக்கூடமும் சட்டமாக வந்தது. அதற்கு முன்னர் 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு ஆங்காங்கே பள்ளி நடத்தியது. அதன் பெயரிலேயே அன்று இவர்களை உலகம் பார்த்த விதம் எழுதியிருக்கிறது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுப்பது தோட்டத் தொரையின் கடமை என்றது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதைத் தொடர்ந்தது. துண்டை எழுதிக் கொடுத்தவர் கையிலேயே, துண்டை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் விழுந்தது. விளைவு என்னவாக இருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. எழுத, வாசிக்க, கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் போனால் கொழுந்தெடுக்க யார் வருவார் என்ற கணக்கு.

ஆனாலும் அந்த ஓராசிரியர் பள்ளி ஒரு காரியம் செய்தது. தோட்டத்து வாத்தியார் பகலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார், பின்னேரத்தில் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டினார். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கிளாக்கர் ஐயாவுக்கும் வெளியே, எழுத்துத் தெரிந்த நான்காவது ஆள் தோட்டத்தில் உண்டானது அவரால்தான். முதல் மூவரும் தோட்டத்துக்காக எழுதினார்கள். வாத்தியார் சனத்துக்காக எழுதினார். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து ஆசிரியராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை, லயத்தில் பாடிய பாட்டுகளைத் திரட்டி ஏட்டில் ஏற்றினார். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுகளை எழுதி அச்சிட்டுத் தோட்டங்களில் பாடினார். மலையில் தாள் என்பது கடன் எழுதவும் பாட்டு எழுதவும் ஒன்றுபோல உதவும் என்று இவர்கள் காட்டினார்கள்.

நாடு முழுவதற்கும் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. அடுத்து வந்த தாள்கள் இன்னும் கனமானவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இத்தனை ஆண்டு இடைவிடாமல் இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. பாட்டனுக்கு இருந்த ஒரே அத்தாட்சி கங்காணியின் ஏட்டில் ஒரு வரி. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் போனார்கள். துணித்தல் என்ற வினைக்கு அகராதியில் இல்லாத உதாரணம் அது. கடைசியில் 2003ஆம் ஆண்டின் சட்டம்தான் 1964 முதல் இங்கேயே இருப்பவர்களுக்குக் குடியுரிமையை உறுதி செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. அந்த வீடு பெரும்பாலும் வாத்தியார் வீடு.

1977இலிருந்து தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஸ்வீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜெர்மனி உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்து, தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக்கித் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. இன்று நுவரெலியா மாவட்டத்தின் தமிழ்ப் பாடசாலைகளில் கற்பிப்பவர்களில் கணிசமானோர் லயத்தில் பிறந்தவர்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் படம் தோட்டத்துச் சந்தியில் பெனராகத் தொங்குகிறது.

இத்தனைக்கும் நடுவில் துண்டு என்ற சொல் சும்மா இருக்கவில்லை. தொரையிடமிருந்து கீழே இறங்கி வைத்தியசாலைக்குப் போனது, பாடசாலைக்கு வந்தது. சிங்களத்திலும் ‘துண்டுவ’ என்று நுழைந்து மருந்துச் சீட்டுக்குப் பெயராக நிற்கிறது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் சிங்களத் தாதியும் தமிழ்த் தாயும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் தடுமாறும் நேரத்திலும் இந்த ஒரு சொல்லில் சந்தித்துக்கொள்வார்கள். பரீட்சை மண்டபத்தில் ஒளித்துக் கொண்டுபோகும் தாளைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘பிட்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் துண்டு என்றே பொருள்.

இனி, வகுப்பில் நான்காவதாக வந்த பதிலுக்கு வருகிறேன். “நீங்க அம்மாகிட்டக் குடுக்கச் சொல்லி அனுப்புறது.” பெற்றோர் கூட்டம், தடுப்பூசி, சுற்றுலாப் பணம் என்று பாடசாலை மாதத்துக்கு இரண்டு மூன்று துண்டு அனுப்புகிறது. அதன் அடியில் ஒரு புள்ளிக்கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே பெற்றோர் ஒப்பம் வைத்து, கிழித்துத் திருப்பி அனுப்பவேண்டும். மேல்பாதி வீட்டில், கீழ்ப்பாதி பாடசாலையில். 1921க்கு முந்திய துண்டில் இப்படி ஒரு கோடு கிடையாது. அது ஒரு திசையில் மட்டும் போனது. யாரைப் பற்றி எழுதியதோ அவர்கள் அதில் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது.

திரும்பி வரும் கீழ்ப்பாதிகளை நான் கவனித்துப் பார்ப்பதுண்டு. சிலதில் கைநாட்டு. சிலதில் அம்மாவின் பெயர் மெதுவாக, எழுத்தெழுத்தாக. சிலதில் அம்மாவின் ஒப்பத்தைப் பிள்ளையே வைத்திருக்கும். ஆசிரியருக்குத் தெரியாது என்ற நம்பிக்கை; ஆனால் ணகரத்தைச் சுழித்திருக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். எப்போதாவது ஒன்றில் ஒப்பத்துக்குக் கீழே கேட்காத ஒரு வரி இருக்கும்: “கூட்டத்த ஞாயித்துக்கெழம வச்சா வருவோம், மத்த நாளு பேரு போயிரும்.” எழுத்துப் பிழையோடுதான். ஆனால் அதிகாரத்திலிருந்து வந்த தாளில் தன் நியாயத்தை எழுதித் திருப்பி அனுப்பிய கை அது. ஆரம்பப் பாடசாலையில் எழுத்துக் கற்பிப்பது எதற்காக என்று கேட்டால், இந்த ஒரு வரிக்காக என்பேன். புலமைப்பரிசில் புள்ளி அதற்குப் பிறகுதான்.

நம் பிள்ளைகள் பார்த்தெழுதுவதில் கெட்டி. சொல்வதெழுதுவதிலும் மோசமில்லை. கரும்பலகையில் இருப்பது கொப்பியில் அச்சுப்போல இறங்கும். ஆனால் ‘தம்பிக்குக் காய்ச்சல், நாளைக்கு வரமாட்டேன்’ என்று ஒரு உண்மையான ஆளுக்கு உண்மையான காரணத்துக்காக நான்கு சொல் எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதியதை வாங்குவது மட்டும் பழகிய கை, எழுதிக் கொடுக்கப் பழகவில்லை. அந்தப் பழக்கமின்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தரம் மூன்றுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். டண்ணகரம் நடத்தும் நாளில் ‘துண்டு’ என்று பத்துத் தடவை எழுதவைப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஆளுக்கொரு சிறிய தாளைக் கிழித்துக் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஏதாவது எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மறுநாள் காலையில், பதில் துண்டு வந்ததா என்று கேளுங்கள்.